கசக்காத மாத்திரை

அறுபதைத் தாண்டிய பிறகும் என்னை எல்லோரும் சின்னவள் என்றுதான் சொல்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வீட்டில் பெரியவள் என்று ஒருத்தி இருந்தால் இன்னொருத்தி சின்னவளாகத்தானே இருக்க முடியும். எனக்குப் பின்னால் பிறந்த தம்பிகூட என்னைச் சின்னக்கா என்பான். அக்கா என்று மட்டும் சொன்னால் அது அவளைக் குறிக்கும்.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டீர்கள், தண்ணீர் வாங்கி வரச் சொன்னீர்கள். நன்றி. நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்பதால் நானும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். மறைக்கும் எண்ணம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்களே தவிர, யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பியைப் படிக்க வைத்தாள். என்னையும் படிக்க வைத்தாள், ஆனால் எனக்கு எந்தப் பாடம் வரும் என்பதை அவளே சொன்னாள். எனக்கு எந்த நிறம் எடுக்கும், யாரோடு பழகலாம், எவ்வளவு சிரிக்கலாம் என்பதையும் அவளே சொன்னாள். ஒருமுறை ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். அக்கா விசாரித்துவிட்டு, ஆள் குடிப்பான், வேண்டாம் என்றாள். அவர் உண்மையிலேயே குடித்தாரா என்று எனக்குத் தெரியாது. இதைத் தம்பி உங்களிடம் சொல்லியிருப்பான். அதனால்தான் நானும் சொல்கிறேன். காரணம் இதுதான் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. இது காரணம் இல்லை.

அக்கா ஆலையில் மேற்பார்வையாளர் வரைக்கும் உயர்ந்தாள். இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிக் கத்திக் கத்தி அவள் குரலே அகலமாகிப் போயிருந்தது. வீட்டிலும் அதே குரல்தான். ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் அந்தக் குரல் அறுந்து அறுந்து வரத் தொடங்கியது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. முதலில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள், பிறகு முதல் மாடியில் நின்றாள், பிறகு கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். பஞ்சுத் தூசி நுரையீரலை அரித்துவிட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள், பாதியில் மூச்சுக்கு நிற்பாள், மீதியை நான் சொல்லி முடிப்பேன். டாக்டரிடம், கடைக்காரரிடம், போனில் தம்பியிடம் எல்லாம் அப்படித்தான். கொஞ்ச நாளில் அவள் தொடங்கவே தேவையில்லாமல் போயிற்று.

குளிக்க வைப்பது, தலை வாருவது, எந்த ஜன்னலைத் திறப்பது, எப்போது தூங்குவது எல்லாம் என் பொறுப்பு. நான் முகம் சுளித்ததே இல்லை. இதை அக்கம்பக்கத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அவள் விரல்கள் விறைத்துப் போயிருந்ததால் மாத்திரை அட்டையைப் பிதுக்க வராது. நான்தான் எல்லாவற்றையும் உதிர்த்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு வைப்பேன். தம்பி மனைவி போன் செய்யும்போதெல்லாம், நீங்க இல்லேன்னா பெரிய அண்ணி கதி என்ன ஆகியிருக்கும் என்பாள். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவே போனை எடுப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். இரண்டு பேருக்குமே என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு அந்த வகுப்பு வந்தது.

சுகாதார நிலையத்தில் மூச்சு நோய் உள்ள வயதானவர்களுக்கு என்று ஒரு நர்ஸ் நடத்திய வகுப்பு. உங்கள் நோயை நீங்களே கவனித்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தருவார்களாம். அக்கா எப்படி மாடி இறங்குவாள் என்று கேட்டேன். நர்ஸே மேலே வந்தாள். இளம் வயதுதான், நல்ல பெண். ஒவ்வொரு படிக்கும் எப்படி மூச்சு விட வேண்டும் என்று காட்டினாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, எதிரில் எரியும் மெழுகுவத்தி அணையாமல் ஆடுகிற அளவுக்கு மெதுவாக ஊத வேண்டும். ஊதும்போது கால் எடுத்து வைக்க வேண்டும். அக்கா ஆலைக்குப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே எல்லோரும் அவளைப் போலத்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். மூச்சு விட்டாலே விசில் வரும் என்பதால் அவரை ஹாரன் என்று கூப்பிடுவார்கள். எங்க கூட்டத்துல சண்டையே வராதும்மா, கத்துறதுக்கு ஒருத்தன்கிட்டயும் மூச்சு கிடையாது என்று என்னிடம் சொன்னார். அக்கா சிரித்தாள். சிரித்தால் இருமல் வருமே என்று நான் எழுந்து அருகில் போனேன். இருமல் வந்தது. அவள் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதி அதைத் தானே அடக்கிவிட்டாள். நான் நீட்டிய கையை யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக மாறியது. எந்த ஜன்னல் என்று அவள் சொன்னாள். இன்ஹேலரை எப்படிக் குலுக்க வேண்டும், எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். நர்ஸ் கொடுத்த ஒரு தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். நன்றாக இருந்தால் பச்சை. சளியின் நிறம் மாறி மூச்சிரைப்பு கூடினால் மஞ்சள், உடனே தொடங்குவதற்கென்று கொடுத்து வைத்திருக்கும் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டு நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ். தினமும் காலையில் அந்தத் தாள் முன்னால் நின்று, இன்னைக்குப் பச்சை என்று சத்தமாகச் சொல்வாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது. சமையலறையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

தரை துடைக்கும் மருந்து விஷயம் தற்செயலாக நடந்தது. காரமான நெடி அவளுக்கு ஆகாது என்று தெரியும். ஒருநாள் கடையில் வழக்கமானது இல்லை, வேறொன்று வாங்கி வந்து துடைத்துவிட்டேன். அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. மூன்று நாள் படுத்திருந்தாள். நான் முதுகைத் தடவிவிட்டேன், தலை வாரிவிட்டேன், வாயில் ஊட்டினேன். வீடு பழையபடி அமைதியாக இருந்தது. இரண்டாவது தடவை தற்செயல் என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவள் கெட்டிக்காரி. ஜன்னலைத் திறந்துவிட்டு, பால்கனியில் போய் உட்கார்ந்து, ஊதி ஊதிச் சமாளித்துவிட்டாள். அப்புறம் உள்ளே வந்து, இந்த நெடிதான் எனக்கு ஆகலை, இனிமே வாங்காதே என்றாள். ஆலையில் பேசும் அந்தப் பழைய குரல் பாதி திரும்பியிருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் கடற்கரை ஊருக்குப் போவதாகச் சொன்னாள். வகுப்புக்காரர்கள் எல்லோரும் ரயிலில் போகிறார்கள், நர்ஸும் கூட வருகிறாள். நான் என் துணியையும் எடுத்து வைக்கவா என்று கேட்டேன்.

"நீ எதுக்கு? நான் பாத்துக்குவேன். எனக்காக எத்தனை வருஷம் இப்படி அடைஞ்சு கெடந்திருக்கே. இனிமே உன் இஷ்டப்படி இரு. எங்கேயாவது போ, யாரையாவது பாரு."

அன்போடுதான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்பது வருடம் கழித்து எனக்கு விடுமுறை கொடுத்தாள். நான் எங்கே போவேன், யாரைப் பார்ப்பேன் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதை அவளே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

மஞ்சள் கட்டத்துக்கான மாத்திரைகள் இரண்டு வகை. ஒன்று சின்ன வெள்ளை மாத்திரை, நுரையீரல் வீக்கத்துக்கு. மற்றது கேப்ஸ்யூல், கிருமிக்கு. அவற்றையும் நான்தான் உதிர்த்து டப்பாவில் போட்டிருந்தேன். டீயில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடுவார்களே, அந்த இனிப்பு மாத்திரை கிட்டத்தட்ட அதே அளவு, அதே வெள்ளை. கண்ணில் புரை வளர்ந்தவளுக்கு வித்தியாசம் தெரியாது. கேப்ஸ்யூல் இரண்டாகக் கழன்று வரும். உள்ளே இருந்ததைக் காகிதத்தில் கொட்டி எடுத்துவிட்டு, சோள மாவை நிரப்பி மூடினேன். ஒரு காலை வேளையில், சாப்பாட்டு மேசையில் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் செய்தேன். அக்கா பக்கத்து அறையில் ஒரு பலகை மேல் ஏறி இறங்கிப் படியேறும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவள் ஊதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அசல் மருந்தை நான் வீசவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை மாத்திரைகளை என் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன், பொடியை மடித்துக் கட்டி வைத்திருந்தேன். வேண்டும்போது கொடுக்கலாம் என்றுதான். அவளுக்குக் கொஞ்சம் முடியாமல் போக வேண்டும், ரயில் போய்விட வேண்டும், பிறகு எல்லாம் சரியாக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பயணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது அவளுக்குச் சளி பிடித்தது. அதை நான் கொடுக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பு இல்லை. காலையில் சளியைப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜ் முன்னால் வந்து நின்று, மஞ்சள் என்றாள். பயப்படவே இல்லை. படித்ததைப் பரீட்சையில் கேட்டுவிட்ட பிள்ளை மாதிரி ஒரு மிடுக்கு முகத்தில் இருந்தது. டப்பாவை அவளே திறந்தாள். மாத்திரையை நாக்கில் வைத்தவள் தண்ணீர் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது கசக்குமே. போன தடவை குமட்டிச்சு. இது இனிக்குது."

நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியை நிறுத்தவில்லை.

"ஜலதோஷத்துல நாக்கு செத்துப்போயிருக்குக்கா. எனக்கும் அப்படித்தான் இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவள் டப்பாவை என்னிடம் நீட்டி, நீ ஒண்ணு வாயில வெச்சுப் பாரு என்று சொல்லியிருந்தால், நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டு, இருக்கும் என்றாள்.

நர்ஸுக்குப் போன் செய்யச் சொன்னாள். அவளுக்குப் பேச மூச்சு போதவில்லை. நான் கூடத்துக்குப் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். எண்ணை அழுத்தவில்லை. நிற்க வேண்டிய நேரம் நின்று, பேச வேண்டியதைப் பேசினேன். பிறகு வந்து, மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொன்னாங்க, பயப்பட ஒண்ணும் இல்லையாம் என்றேன். அக்கா தலையாட்டினாள். அந்த நர்ஸ் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் மூச்சிரைப்பு கூடியது. அதற்கடுத்த நாள் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தாள். நான் கைப்பையைத் தோளிலேயே மாட்டியிருந்தேன். வீட்டுக்குள் எதற்குப் பை என்று அவள் கேட்கவில்லை. இப்போது கொடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று ஒவ்வொரு முறை அறைக்குள் போகும்போதும் யோசித்தேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அன்று மத்தியானம் டிரைவர் வந்தார். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். கதவைத் திறந்தபோது பேச்சே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு விசில் அடித்துக்கொண்டிருந்தார். உட்கார நாற்காலி கொடுத்தேன். மூச்சு வந்ததும், ரெண்டு நாளா ஆளைக் காணோமே, ரயிலுக்குப் பெட்டி கட்டிட்டாங்களா என்று கேட்டார். சளி, தூங்குகிறாள் என்றேன்.

"நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அன்னைக்கே சொல்லியாச்சு."

அப்போது உள்ளேயிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். குரல் இல்லை, கட்டில் பலகையை நகத்தால் தட்டும் சத்தம்தான். நான் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, குடிக்க ஏதாவது தரட்டுமா என்று அங்கிருந்தே கேட்டேன். அவர் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு வேண்டாம் என்று எழுந்தார். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர்தான் நர்ஸிடம் போய்க் கேட்டாராம். அப்படி யாரும் போன் செய்யவில்லையே என்று அவள் சொன்னாளாம். அவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாத்திரை மிச்சமிருந்த டப்பாவைத் தாருங்கள் என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே.

நீங்கள் கேட்டது கடைசி நாளைப் பற்றி. சொல்கிறேன்.

அக்கா காலையிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பேசினாள் என்றால், ஒரு சொல், நிறுத்தம், இன்னொரு சொல். நிறம் மாறிய அன்றே கண்டுபிடித்தேனே. அன்றே மாத்திரை தொடங்கினேனே. வேளை தவறவில்லையே. தண்ணீர் குடித்தேனே. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேனே. ஊதினேனே. விரல் விட்டு எண்ணுகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆலையில் ஒரு நூல் அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று தேடிக்கொண்டே போவாளாம். அதே மாதிரி தேடினாள்.

"நான் எங்கே தப்புப் பண்ணேன்?"

"வயசாயிடுச்சுக்கா. எதையாவது மறந்திருப்பே. இதெல்லாம் உன்னால தனியா ஆகுற காரியமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியாது, அழவும் மூச்சு வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"சரி. இனிமே நீயே பாத்துக்கோ."

என் பை தோளில்தான் இருந்தது. அதைத் திறக்க வேண்டுமென்றால் கையை விடுவித்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ வருடங்கள் கழித்து அவள் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் கையை உருவிக்கொள்வது மரியாதையாக இருக்காது என்று பட்டது. ஜன்னல் வெளிச்சம் சுவரில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள், மெழுகுவத்தி ஆடுகிற அளவுக்குக்கூடக் காற்று வரவில்லை. உதடு நிறம் மாறியபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள் நான்தான். சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ் என்று தாளில் இருந்ததே. அவர்கள் வரும்போது மூச்சு நின்றிருந்தது. கை மட்டும் என் கையிலேயே இருந்தது.

அவ்வளவுதான். மாத்திரையை மாற்றியது நான். போன் செய்யாதது நான். அசல் மருந்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

அந்த நர்ஸ் ரொம்பவும் மனம் உடைந்து போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சரியாகச் சொல்லித் தரவில்லையோ என்று நினைக்கிறாளாம். அவளைப் பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். அக்காவும் ஒரு தப்பும் செய்யவில்லை, எல்லாவற்றையும் எழுத்து பிசகாமல் செய்தாள். அதை அக்காவிடமும் சொல்லியிருக்கலாம்தான், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் கையை எடுத்துக்கொண்டிருப்பாள், கடைசி நேரத்தில் பாவம் தனியாகிப் போயிருப்பாள்.